ஷாக் வச்ச சைக்கிள் யாருக்காக?

நண்பர்களே, ஒரு நாள் பத்து நிமிஷம் முன்னதாக நம் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி ஒவ்வொன்றின் ஹேண்டில்பாரையும் பிடித்து, முன் பிரேக்கை இறுக்கிக்கொண்டு, உடம்பு பாரத்தை இறக்கி ஓர் அமுக்கு அமுக்குங்கள். சில இறங்கும், ஏறும். சில இறங்கும், ஏறாது. மற்றவை இறங்கவே இறங்காது, கல்லு மாதிரி நிற்கும். "ஷாக் வச்ச வண்டிதான் வேணும்" என்று வீட்டில் அடம்பிடித்து வாங்கிய வண்டிகள்தான் இவை எல்லாம்!

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்து சுத்தம் செய்ய முடியாத ஷாக்கை நம் கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு விற்பது அநியாயம். திறக்க முடிகிற ஷாக்கையும் திறந்து பார்க்காமல் "ஃபோர்க்கையே மாத்திரு" என்று சொல்வது அதைவிடப் பெரிய அநியாயம். முதலாவதை நிறுத்துவது கம்பெனிக்காரர்கள் கையில். இரண்டாவதை நிறுத்துவது மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிற நம் கையில்.

எனக்கு ஊர் இளையரசனேந்தல். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் கிடக்கிற கரிசல் பூமி. லீவு நாளில் மாமாவின் சைக்கிள் கடையில் ஸ்பேனர் பிடிப்பது வழக்கம் என்பதால் இந்த விஷயத்தைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்க ஊர் மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மேலே இருக்கிற புழுதி மாவு மாதிரி நைசாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் பசையாக மாறிவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். இந்த இரண்டு குணமும் ஷாக்குக்கு எமன். நைசான புழுதி எந்தச் சந்திலும் நுழையும். ஈரம் பட்டால் உள்ளேயே கட்டியாகிவிடும்.

இனி ஷாக் என்றால் என்ன என்று பார்ப்போம். மேலே இரண்டு குழாய், கீழே கொஞ்சம் பெரிதாக இரண்டு குழாய். சின்னது பெரியதுக்குள் வழுக்கி ஏறி இறங்குகிறது. அது ஆடாமல் நேராகப் போக உள்ளே புஷ். புழுதி போகாமல் வாயில் ஒரு ரப்பர் சீல். தாங்குவதற்கு ஸ்பிரிங். நல்ல ஃபோர்க்காக இருந்தால், ஏறி இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு சின்ன ஓட்டை வழியாக ஆயில் போய்வரும் ஏற்பாடும் இருக்கும். இதுதான் டாம்பிங். டாம்பிங் இல்லாத ஸ்பிரிங் குழியில் விழுந்தால் தாங்கும், உடனே நம்மைத் தூக்கி எறியும். மலிவு சைக்கிள்களில் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். சிலதில் இரண்டு காலில் ஒரு காலில் மட்டும்தான் ஸ்பிரிங் இருக்கும், மறு கால் சும்மா துணைக்கு!

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் ஸ்பிரிங் கணக்கு போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குப்படி ஏறும். 4 மி.மீ. கம்பிக்குப் பதிலாக 5 மி.மீ. கம்பி போட்டால், மற்ற அளவெல்லாம் அப்படியே இருந்தாலும், விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகிவிடும். கடையில் வருகிற ஃபோர்க்கிலோ 40 கிலோ பையனுக்கும் அதே ஸ்பிரிங், 80 கிலோ ஆளுக்கும் அதே ஸ்பிரிங். பின்னால் கேரியரில் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கும் அதேதான். யாருக்குப் பொருந்தும்?

சரி, இந்த ஷாக் எங்கிருந்து வந்தது? மோட்டார் சைக்கிளில் 1935-லேயே வந்துவிட்டது. ஆயில் டாம்பிங் உள்ள டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை அந்த வருஷம் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர்-12 என்ற வண்டியில் போட்டு விற்றது. சைக்கிளுக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவில் பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸ் என்ற இருவர் 1989-இல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியைத் தொடங்கி மலைச் சைக்கிளுக்கென்றே ஃபோர்க் செய்தார்கள். மறு வருஷம், 1990-இல், கொலராடோவில் டுராங்கோ என்ற ஊரில் நடந்த முதல் உலக மலைச் சைக்கிள் போட்டியில், மலையிறக்கப் பந்தயத்தில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு ஜெயித்தார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? உலகம் பூராவும் ஷாக்!

கவனியுங்கள். பாறையும் வேரும் நிறைந்த மலைச்சரிவில் தலைதெறிக்க இறங்குகிறவனுக்காகச் செய்த சாமான் அது. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தில் 2005 முதல் நடந்த எம்.டி.பி. ஹிமாலயா போன்ற பந்தயத்துக்கு அது தேவை. கோவில்பட்டி இளையரசனேந்தல் சாலையில் ட்யூஷனுக்குப் போகிற பையனுக்கு எதற்கு? தார் ரோட்டில் நின்று மிதித்தால், மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போகிறது. சாதாரண இரும்பு ஃபோர்க் சுமார் ஒரு கிலோ. மலிவு ஷாக் ஃபோர்க் இரண்டரை கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதையும் சேர்த்து மிதிக்க வேண்டியது நாம்தான்.

குலுங்காமல் போக வேண்டும் என்றால் அதற்கு வழி 1888-லேயே கிடைத்துவிட்டது. டன்லப் அந்த வருஷம் பேட்டன்ட் வாங்கிய காற்றடைத்த டயர்தான் நிஜமான முதல் ஷாக் அப்சார்பர். இரண்டு இஞ்ச் அகல டயரில் காற்றைக் கல்லு மாதிரி ஏற்றாமல், பக்கவாட்டில் எழுதியிருக்கிற அளவுக்குள் கொஞ்சம் குறைத்து வையுங்கள். வித்தியாசம் தெரியும். நம் தாத்தாக்கள் ஓட்டிய பெரிய சைக்கிளில் சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங் இருந்ததே, முன் ஃபோர்க் வில் மாதிரி வளைந்திருந்ததே, அது போதாதா அவர்களுக்கு? அந்த வண்டியில்தான் பருத்தி மூட்டை போனது. நம் அரசு 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி 2005-06-இல் எல்லாப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் விரித்த இலவச சைக்கிளிலும் ஷாக் கிடையாது. கேலி பேசுகிறவர்கள் பேசட்டும், எங்க ஊரில் அந்த வண்டிகள்தான் இன்னும் ஓடுகின்றன.

அதற்காக, ஷாக் வண்டி வாங்கியவனை முட்டாள் என்று சொல்லவில்லை. ஆசை என்று ஒன்று இருக்கிறது. போன வருஷம் மாமா கடைக்குப் பிளஸ் டூ படிக்கிற ஒரு தம்பி ஷாக் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். சீட்டுப் பணம் எடுத்து வாங்கிக் கொடுத்த வண்டி. ஒரு மழைக்காலம்தான் ஓடியிருக்கிறது, ஷாக் இறுகிவிட்டது. வாங்கின கடையில் போய்க் கேட்டால், "உள்ள சாமான் தனியா வராது தம்பி, ஃபோர்க் மாத்தணும்" என்று விலை சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் பல நாள் கூலி அது. பையன் பள்ளிக்கூடத்துக்கு நடக்க ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, இதைச் சரி பண்ண முடியாதா?" என்றான். கழற்றினோம். உள்ளே கிரீஸ் என்ற பேருக்கே ஒன்றும் இல்லை. கரிசல் மண் உருண்டையும், துருத்தண்ணியும், பாதி தேய்ந்த ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷும்தான் இருந்தன. ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது! அதாவது போனது புஷ்ஷும் சுத்தமும் மட்டும்தான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இதே டெலஸ்கோப்பிக் ஃபோர்க்தானே மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது? அதில் ஆயில் கசிந்தால் எந்தப் பட்டிக்காட்டு மெக்கானிக்காவது "ஃபோர்க்கையே மாத்து" என்று சொல்வாரா? "சீல் போயிருச்சு அண்ணாச்சி, சாயந்தரம் வாங்க" என்பார். சீல் தனியாகக் கிடைக்கும், புஷ் தனியாகக் கிடைக்கும், ஆயில் டப்பாவில் கிடைக்கும். குழாய் வளைந்தால் லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து பெண்டு எடுத்துத் தருவார்கள். மோட்டார் சைக்கிள் ஃபோர்க் சைக்கிள் ஃபோர்க்கைவிடச் சிக்கலானது. ஆனால் அது ரிப்பேர் ஆகிறது, இது குப்பைக்குப் போகிறது. காரணம் ஒன்றுதான். அதற்குச் சாமான் விற்கிறார்கள், இதற்கு விற்பதில்லை.

உசத்தி ஃபோர்க் செய்கிறவர்களே என்ன சொல்கிறார்கள் தெரியுமா? ராக்‌ஷாக்ஸ்காரர்கள் 50 மணி நேரம் ஓட்டினால் கீழ்க்காலைக் கழற்றிச் சுத்தம் செய்து ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் பள்ளிக்கூடம் போகிறவனுக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டே மாசம்! விலை உயர்ந்த ஃபோர்க்குக்கே இந்தக் கவனிப்பு என்றால், மலிவு ஃபோர்க்கைப் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடத் திறக்காமல் ஓட்டினால் என்ன ஆகும்?

எப்படித் திறப்பது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ரொம்பப் பெரிய வித்தை இல்லை. முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கையும் விடுவித்துக்கொள்ளுங்கள். நடுத்தர விலை வண்டிகளில் வருகிற சன்டூர் வகை ஃபோர்க்கில் ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு போல்ட்டோ நட்டோ இருக்கும். அதை முழுசாகக் கழற்றாமல் மூன்று, நாலு சுற்று மட்டும் தளர்த்தி, தலையில் ரப்பர் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டினால் உள்ளே பிடித்திருக்கும் தண்டு விடும். சில சமயம் போல்ட்டோடு சேர்ந்து தண்டும் சுற்றும். அப்போது ஃபோர்க்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருகினால் சுற்றாது. அப்புறம் போல்ட்டை எடுத்துவிட்டுக் கீழ்க்காலை நேராக இழுத்தால் கையோடு வந்துவிடும். பாதிப் பிரச்சினை அங்கேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

குச்சியில் துணி சுற்றிக் கீழ்க்குழாய் உள்ளே துடையுங்கள். நைந்துபோகாத துணியாக இருக்கட்டும், நூல் உள்ளே தங்கக்கூடாது. மேல்குழாயில் துரு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். எமரித் தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். குரோம் பூச்சு போய்விட்டால் அந்தக் கீறலே பிறகு சீலை அறுக்கும். ரப்பர் சீல் பக்கமும், ஸ்பிரிங்குக்குள் வைத்திருக்கிற ரப்பர் கட்டைப் பக்கமும் மண்ணெண்ணெயைக் கொண்டுபோகக் கூடாது, ஊதிப்போகும். கிரீஸ் விஷயத்திலும் பேரிங்குக்கு வைத்திருக்கிற ஏதோ ஒரு கிரீஸைத் தடவாமல், ரப்பருக்கு ஒத்துக்கொள்கிற சிலிகான் வகைக் கிரீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். புஷ்ஷிலும் சீலின் உதட்டிலும் தடவி மாட்டினால் முடிந்தது. முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும். மூன்றாம் தடவை முக்கால் மணி நேரம்.

ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஷாக் 'கீச் கீச்' என்றால் மேலிருந்து கழிவு ஆயிலை ஊற்றுவது. சிலர் தேங்காய் எண்ணெய்கூட விடுகிறார்கள்! அந்த எண்ணெயில் புழுதி ஒட்டினால் என்ன கிடைக்கும்? ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்கு உடனே தெரியும், வால்வு கிரைண்டிங் பேஸ்ட்! ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் புஷ்ஷை அரைத்துக்கொண்டே இருக்கும். தினசரி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணியால் அந்தப் பளபளக்கிற குழாயை ஒரு துடைப்பு. அவ்வளவுதான்.

அதைவிட மோசமான பழக்கம் வெல்டிங். ஷாக் ஆடுகிறது என்று மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் சேர்த்து ஒட்டவைத்துவிடுகிறார்கள். "இனிமே ஜென்மத்துக்கும் ஆடாது" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மெல்லிய குழாயில் சூடு பட்ட இடம் பலவீனமாகிவிடும் என்பது வெல்டிங் ஷாப் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பது. முன் பிரேக் பிடிக்கும்போது முழு பாரமும் அங்கேதான் வந்து விழுகிறது. சைக்கிளில் எது உடைந்தாலும் இறங்கி நின்றுகொள்ளலாம். ஃபோர்க் உடைந்தால் முகம்தான் முதலில் ரோட்டில் போய் விழும். தயவுசெய்து யாருக்கும் இதைச் செய்து கொடுக்காதீர்கள். உறவுக்காரர் கேட்டாலும் சரி!

சாதா ஃபோர்க் வாங்கி மாட்டிவிடலாமே என்கிறீர்களா? மாட்டலாம், அளவு பார்த்து. ஷாக் ஃபோர்க் உயரமானது. குட்டையான ஃபோர்க்கைப் போட்டால் முன்பக்கம் தாழ்ந்து, ஹேண்டில் துறுதுறு என்று வெட்டும், பெடல் தரையில் தட்டும். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தாலே கோணம் சுமார் ஒரு டிகிரி மாறும். கழுத்துக் குழாயின் விட்டமும் பழைய பெரிய சைக்கிளுக்கு வேறு, இதற்கு வேறு.

அந்தத் தம்பி வண்டிக்கு வருவோம். புஷ் எங்கும் கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் லேத் வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் போய், பிளாஸ்டிக் ராடு வாங்கிக் கடைந்தோம். நைலானில் கடையலாம் என்று அவர் சொன்னார். நைலான் தண்ணீரைக் குடித்து ஊதும், மழையில் மறுபடி இறுகிவிடும் என்பதால் டெல்ரின் ராடு தேடி வாங்கினோம். உள்விட்டத்தில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. வெர்னியரும், ஒரு போரிங் டூலும், அரை மணி நேரமும்தான் செலவு. ஃபர்ஸ்ட் இயரில் ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங் என்று ராடை ராடாக வெட்டி மார்க் வாங்கிவிட்டு ஸ்கிராப்பில் போடுகிறோமே, அதே வேலைதான். வண்டி இன்றைக்கும் ஓடுகிறது.

மாமா இதைப் பார்த்துச் சிரித்தார். "மாப்ளே, நீ படிக்கிற பையன், செஞ்சுட்ட. நான் ஒரு ஷாக்குக்கு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா, நாலு பஞ்சர் போகும். என்ன கூலி கேக்க?" நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. புஷ்ஷும் சீலும் கடையில் தனியாகக் கிடைத்தால் அவருக்கும் முக்கால் மணி நேர வேலைதான், கூலியும் கட்டும். ஆகவே பழியை அவர் மேல் போட நான் தயாராக இல்லை.

மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஒரு குழு போட்டது. பண்ணைக் கருவி, செல்போன் மற்றும் எலெக்ட்ரானிக் சாமான், வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் என்று நாலு துறையைச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் சைக்கிளையும் சேருங்கள் என்று கேட்க வேண்டியது யார்? கார் வைத்திருக்கிறவர்களா கேட்பார்கள்? அமெரிக்காவில் 2021-22-இல் சைக்கிள் மெக்கானிக்குகளே ஒன்றுசேர்ந்து, மலிவு சைக்கிளும் 500 மணி நேரமாவது உழைக்க வேண்டும், சாமான் மாற்றும்படி இருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கோரிக்கை வைத்தார்கள். அங்கேயும் இதே கதைதான் போல!

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் ஷாக்கின் ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். வண்டியைச் சாய்த்து ஃபோர்க்கின் அடியைப் பாருங்கள். கழற்றுவதற்கு போல்ட் இருக்கிறதா? "சீல், புஷ் தனியா கிடைக்குமா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். முழித்தார் என்றால் ஷாக் இல்லாத வண்டியை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயரும் பிரேக் கட்டையும் வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே ஷாக் வண்டி வைத்திருப்பவர்கள் மேல்குழாயில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். அது எவ்வளவு மேலே நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். 80 மி.மீ. ஷாக்கில் 12 முதல் 20 மி.மீ. வரை நகர்ந்தால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருத்தம். நகரவே இல்லையென்றால் ஒன்று ஸ்பிரிங் விறைப்பு, இல்லை உள்ளே கரிசல்!

நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். ஆண்டு விழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒர்க்‌ஷாப்பை நமக்குத் திறந்துவிடும்படி முதல்வர் அவர்களிடம் பேரவை கேட்க வேண்டும். முதலில் நம் ஸ்டாண்டில் இறுகி நிற்கிற வண்டிகள், அப்புறம் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வண்டிகள். செலவு என்று பார்த்தால் ஒரு செட் அலன் கீ, ரப்பர் சுத்தியல் ஒன்று, சிலிகான் கிரீஸ் டப்பா ஒன்று. பழைய வேட்டித் துணி நான் கொண்டுவருகிறேன். டெல்ரின் ராடு மட்டும் கொஞ்சம் விலை. ஆகவே மெஷின் ஷாப்பில் கடைசல் முடிந்து மிஞ்சுகிற துண்டு 40 மி.மீ.க்கு மேல் நீளமிருந்தால் ஸ்கிராப்பில் போடாமல் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லி இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் கேட்டிருக்கிறேன். "பேர் எழுதி ஒட்டிட்டு வையி" என்றார். டப்பா வைத்தாகிவிட்டது, மூணாவது லேத்துக்குப் பின்னால்.